யாரிடம் சரணடைவது?

வடமராட்சியின் நெல்லியடியில் நின்று ‘தன்னையே ஒப்புக்கொடுத்தல்’ என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் மனதில் எது எழும்? கத்தோலிக்கராயின் பூசை நினைவுக்கு வரலாம். ‘பூசை ஒப்புக்கொடுத்தல்’ என்பது யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கரின் பழகிய வழக்கு. ஆனால் ஊரில் மிகப் பலருக்கு நினைவில் எழுவது வேறொன்றாகவே இருக்கும். 1987 யூலை 5ஆம் நாள், நெல்லியடி மத்திய மகா வித்தியாலயத்தில் நிலைகொண்டிருந்த இராணுவத்தின் மீது, வெடிமருந்து நிரப்பிய பாரவூர்தியை ஓட்டிச் சென்று மோதி, மில்லர் என்ற இளைஞர் உயிர்விட்டார். விடுதலைப் புலிகளின் முதலாவது கரும்புலித் தாக்குதல் அதுவே. அதன் பின்னர் ‘தற்கொடை’, ‘அர்ப்பணம்’ ஆகிய சொற்கள் எங்கள் மண்ணில் பழைய பொருளோடு மட்டும் வாழ முடியாதவையாயின.

அந்த இளைஞரின் துணிவை இழித்துரைப்பது என் நோக்கமன்று. பாதுகாப்பான நாடுகளில் அமர்ந்தபடி அதனைக் கொண்டாடுவோரோடும் எனக்கு உடன்பாடில்லை. நான் சொல்ல வருவது இதுதான்: கடவுளிடம் தன்னைக் கையளித்தல் பற்றிப் பேசும் கிறிஸ்தவர் எவரும், எங்கள் ஊர்களில், இந்த வேறுபாட்டைத் தெளிவாக்காமல் பேசக்கூடாது. பாரவூர்தியில் ஏறியவர் தன்னை முழுமையாகக் கொடுத்தார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்தக் கொடையின் விளைவு முன்னரே கணிக்கப்பட்டிருந்தது. பிறருடைய உயிர்களும் அதில் அடங்கியிருந்தன. கடவுளிடம் சரணடைபவர் கொடுக்கக் கூடியது தன்னுடையதை மட்டுமே. விளைவு இன்னதாக இருக்கவேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையையும் அவர் சேர்த்தே கொடுத்துவிடுகிறார். உயிரைக் கொடுப்பதைவிட இது கடினமானது என்பது என் எண்ணம்.

இதற்கு எங்கள் குடாநாட்டின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. கோவாவின் பெனாவுலிமில் 1651இல் பிறந்த யோசேவ்வாஸ் என்ற குருவானவர், 1677 ஓகஸ்ட் 5ஆம் நாள் ஓர் அடிமைச் சாசனம் எழுதிக் கையொப்பமிட்டார். தாம் தேவமாதாவின் நிரந்தர அடிமை என்பதே அதன் சாரம். சைவ வாசகர்களுக்கு இதனைக் கேட்டதும் சுந்தரமூர்த்தி நாயனார் நினைவுக்கு வருவார். மணப்பந்தலில் வந்து மறித்த முதியவர் ‘நீ எனக்கு அடிமை’ என்று ஓலையை நீட்டியபோது, சுந்தரர் அதனைப் பறித்துக் கிழித்தெறிந்தார். மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் காட்டப்பட்ட பின்னரே பணிந்தார். யோசேவ்வாசிடம் ஓலையோடு எவரும் வரவில்லை. தமக்கு எதிரான ஓலையைத் தாமே எழுதி வைத்துக்கொண்டார். சுந்தரர் கதையின் சுவை இதில் இல்லைதான், வழக்குமில்லை, வாதமுமில்லை.

இப்படித் தன்னை அடிமையென எழுதிக்கொடுத்தவர் பின்னர் எப்படி நடந்துகொண்டார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமார் நுழைவதைத் தடைசெய்திருந்தனர். 1687இல், பரதேசிக் கோலத்தில், தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து இவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்ததும் வயிற்றுளைச்சலால் மரணத்தின் விளிம்புவரை சென்றார். கழுத்தில் செபமாலை தெரிய வீடு வீடாகப் பிச்சை கேட்டு, மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். 1692இல் கண்டிக்குச் சென்றபோது போர்த்துக்கேயரின் ஒற்றர் என்ற ஐயத்தில் சிறையிலடைக்கப்பட்டார். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவி, வசதியுள்ளோர் நகரை விட்டு ஓடிய வேளையில், இவர் அங்கேயே தங்கி நோயாளரைப் பராமரித்தார். 1711 சனவரி 16ஆம் நாள் கண்டியிலேயே மறைந்தார். 2015 சனவரி 14ஆம் நாள் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் இவரைப் புனிதராக அறிவித்தார்.

கடவுளின் அடிமை ஒல்லாந்தரின் ஆணைக்கு ஒரு நாளேனும் கட்டுப்படவில்லை! இன்று சில சபைகளில் ‘கர்த்தருக்கு ஒப்புக்கொடு’ என்று தொடங்கும் பிரசங்கம், மெல்ல மெல்ல, போதகர் சொல்வதை மறுபேச்சின்றிக் கேள் என்பதில் வந்து முடிகிறது. யோசேவ்வாசின் சாசனத்தில் அப்படி ஓர் இடைத்தரகருக்கு இடமில்லை.

மெதடிஸ்தரிடம் ஓர் உடன்படிக்கை ஆராதனை உண்டு. யோன் வெஸ்லி 1755இல் தொடங்கி வைத்தது. புத்தாண்டின் தொடக்கத்தில் நடத்துவது வழமை. கடவுளின் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவதற்கு மட்டுமன்றி, ஓரமாக ஒதுக்கி வைக்கப்படுவதற்கும் அதில் சம்மதம் தெரிவிக்க வேண்டும். பத்திரிகைத் தொழிலில் நரைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த இரண்டாவது சம்மதம் இலேசில் வாயில் வராது.

நிற்க. 2009இன் பின் ‘சரணடைதல்’ என்ற சொல்லும் எங்களுக்கு முன்போல் இல்லை. அவ்வாண்டு மே 18ஆம் நாள் முல்லைத்தீவு வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்த போராளிகளோடும் அவர்களின் குடும்பத்தினரோடும், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப்பும் பேருந்தில் ஏறினார் என்று கண்ணுற்ற உறவினர்கள் சாட்சியமளித்துள்ளனர். அதன் பின் அவரைக் கண்டவர் இல்லை. அதற்கு எட்டு நாட்களின் முன்னர், மே 10ஆம் நாள், முற்றுகைக்குள் சிக்கியிருந்த மக்களின் அவலத்தை விளக்கிப் பாப்பரசர் 16ஆம் பெனடிக்ற்றுக்கு அவர் கடிதம் எழுதியிருந்தார். கடவுளிடம் தன்னைக் கையளித்து வாழ்ந்த ஒரு குரு, மனிதரிடம் முறையிடுவதை அதனால் நிறுத்திவிடவில்லை.

இதனை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணமுண்டு. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரிடம், ‘எல்லாவற்றையும் ஆண்டவர் கையில் விட்டுவிட்டு ஆறுதலாக இருங்கள்’ என்று சொல்வோர் இருக்கின்றனர். நல்லெண்ணத்தோடு சொல்வோரும் அவர்களில் உண்டு. கேள்விகள் ஓய்ந்தால் போதும் என்று சொல்வோரும் உண்டு. கெத்சமனித் தோட்டத்தில் இயேசு தந்தையின் சித்தத்துக்குத் தம்மைக் கையளித்தார் என்பது உண்மை. ஆனால் அந்தத் துன்பம் தம்மை விட்டு நீங்கவேண்டும் என்று அதற்கு முன் மன்றாடினார். மீண்டும் மீண்டும் மன்றாடினார். உடனிருந்தோர் உறங்கிவிட்டதைக் குறைபட்டுக்கொண்டார். அந்த மன்றாட்டை வெட்டியெறிந்துவிட்டு, பணிவை மட்டும் எடுத்து ஏழைத் தாயொருத்தியின் தலையில் வைப்பது அநியாயம். அவள் எப்போது, எதைக் கடவுளிடம் விடுவாள் என்பது அவளுக்கும் கடவுளுக்கும் இடைப்பட்டது.

கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலருகே 2017 பெப்ரவரி 20ஆம் நாள் அந்தத் தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். மகனின் முகத்தை இனிக் காணாமலே பலர் இறந்துபோயினர். மற்றவர்கள் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கின்றனர்: எங்கள் கண்முன்னே ஏற்றிச் செல்லப்பட்டவர்களை எங்கே இறக்கினீர்கள்?