வீட்டுப் பாத்தி, சந்தைப் பாத்தி

தென்னையில் வந்த வெள்ளை ஈக்குக் கூட்டம் போடுகிறார்கள், படம் பிடிக்கிறார்கள், அறிக்கை விடுகிறார்கள். தேங்காய் இருநூறு ரூபாவைத் தொட்ட பிறகாவது கண் திறந்ததே, சந்தோஷம். அந்தக் கதை செய்திப் பக்கங்களில் வேண்டிய மட்டும் இருக்கிறது. இந்தக் கிழமை நமக்கு எரிச்சல் மூட்டியது ஒரு கத்தரித் தோட்டம்.

கீரிமலையிலிருந்து மாவிட்டபுரம் பக்கமாக வரும் வழியில் இருக்கிறது அந்தத் தோட்டம். தோட்டக்காரர் நல்ல உழைப்பாளி, குறை சொல்ல முடியாது. வரிசை வரிசையாகக் கத்தரி, பளபளவென்று காய். கிணற்றடி மூலையில் மட்டும் தனியாகப் பத்துப் பன்னிரண்டு கன்றுகள், இலையில் ஓட்டையும் காயில் சொத்தையுமாக நின்றன. "இதென்ன தம்பி, இதை மட்டும் விட்டிட்டியள்?" என்று கேட்டோம். "அது வீட்டுக்கு ஐயா. அதுக்கு மருந்து அடிக்கிறேல்லை. பிள்ளையள் சாப்பிடுறது" என்றார். குரலில் ஒரு கூச்சமும் இல்லை.

அப்படியென்றால் மற்றக் காயெல்லாம் பிள்ளைகளே இல்லாத ஊருக்குப் போகிறதாக்கும்!

இவர் ஒருவர்தான் என்று நினைக்க வேண்டாம். வலிகாமத்தில் எந்தத் தோட்டத்திலும் மெல்ல விசாரித்துப் பாருங்கள், இப்படியொரு வீட்டுப் பாத்தி எங்கேயாவது மூலையில் இருக்கும். முதல் நாள் பின்னேரம் அடித்ததை அடுத்த நாள் விடியச் சந்தைக்கு ஏற்றுகிறவருக்கு, தான் அடித்தது என்னவென்று நன்றாகத் தெரியும் என்பதற்கு அந்தப் பாத்தியைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. அறியாமல் செய்கிறார்கள், விழிப்புணர்வு ஊட்ட வேண்டும் என்று கருத்தரங்கு வைக்கிறவர்கள் ஒருமுறை அந்தக் கிணற்றடிக்குப் போய் வரட்டும்.

அடித்தும் பலன் உண்டா என்றால் அதுவும் அரைகுறைதான். கத்தரியைக் கெடுப்பது குருத்தையும் காயையும் துளைக்கும் புழு. முட்டையிலிருந்து வெளிவந்த கொஞ்ச நேரத்திலேயே உள்ளே புகுந்துவிடும். வாடித் தொங்கும் குருத்தை நகத்தால் கீறிப் பாருங்கள், இளஞ்சிவப்பாக ஒன்று நெளியும். மேலே எத்தனை டாங்கி தெளித்தாலும் அதற்குக் குடை பிடித்தது கத்தரிதான். வாடிய குருத்தைக் கிழமைக்கு ஒருமுறை ஒடித்து எரிப்பது, சொத்தைக் காயைத் தோட்டத்தில் போடாமல் அழிப்பது, ஆண் அந்துப்பூச்சியைப் பிடிக்கப் பெரமோன் பொறி கட்டுவது, இவைதான் வேலை செய்யும். விவசாயத் திணைக்களம் இதை எத்தனையோ காலமாகச் சொல்கிறது. ஆனால் விவசாயப் போதனாசிரியர் எப்போதாவதுதான் வருவார், மருந்துக்கடை நாள் முழுக்கத் திறந்திருக்கும். "அண்ணை, புழுக் குத்து" என்றால் போதும், மூன்று போத்தல் மேசைக்கு வந்துவிடும். மூன்றையும் ஒரே டாங்கியில் கலந்து, மூடியால் அளந்து, "ஒரு மூடி கூடவா விடுவம்" என்று விடுகிறார்கள். எந்தப் போத்தலின் மூடி, எத்தனை மில்லிலீற்றர் என்று கேட்க ஆளில்லை.

வெள்ளை ஈயிலும் இதே கூத்துத்தான். அந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அழிக்கும் கண்ணுக்குத் தெரியாத குளவி ஒன்று இருக்கிறது. 2016இல் பொள்ளாச்சித் தென்னைகளில் ஈ பெருகியபோது, கண்ட கண்ட மருந்தை அடித்து அந்தக் குளவியைக் கொல்லாதீர்கள் என்றுதான் தமிழ்நாட்டு நிபுணர்கள் கெஞ்சினார்கள்.

சட்டம் இல்லையா? 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிச் சட்டம் இருக்கிறது, அதற்கொரு பதிவாளரும் இருக்கிறார். மிகக் கொடிய மருந்துகளை இந்த நாடு ஒவ்வொன்றாக நிறுத்தியதால் தற்கொலைச் சாவுகள் குறைந்தன என்று உலகமே எடுத்துக் காட்டுகிறது. மனம் வைத்தால் முடியும். 2021இல் வைத்த மனம் வேறு: சித்திரையில் நாடு முழுவதையும் ஒரே அறிவிப்பில் சேதன விவசாயத்துக்கு மாற்றி, கார்த்திகையில் திருப்பி மாற்றினார்கள். அந்தக் கூத்துக்குப் பிறகு நல்லது சொல்ல வருகிறவனையும் தோட்டக்காரன் நம்புவதில்லை.

மருந்து காயோடு நின்றாலும் பரவாயில்லை. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. செம்மண்ணில் விட்ட தண்ணீர் நிற்காது, மருந்தையும் பசளையையும் கூட்டிக்கொண்டு கீழே சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கிவிடும். பசளையின் நைத்திரேற்று நம் கிணறுகளில் அளவு மீறுவதை ஆய்வாளர்கள் எண்பதுகளிலிருந்தே எழுதி வருகிறார்கள். சுன்னாகத்தில் கிணற்றில் எண்ணெய் மிதந்தபோது ஊரே தெருவில் இறங்கியது. 2019இல் உயர் நீதிமன்றம் மின் நிலையக் கம்பனியை இரண்டு கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. எண்ணெய் மிதந்தது, கண்டோம். மிதக்காததற்கு ஆர் ஊர்வலம் போவது? வீட்டுக்கென்று தனிக் கத்தரிப் பாத்தி போடலாம், வீட்டுக்கென்று தனி நிலத்தடி நீர் போட எந்தத் தகப்பனாலும் முடியாது.

அதனால்தான் கீரிமலைக் கேணியைப் பற்றி நீண்ட நாளாகச் சொல்லி வருகிறோம், இந்த முறையும் சொல்லாமல் விடப்போவதில்லை. ஆடி அமாவாசைக்கு ஆயிரக்கணக்கானோர் தகப்பனை நினைத்து முழுகும் அந்தக் கேணிக்குத் தண்ணீர் வருவது இதே கல்வெடிப்புகள் வழியாகத்தான். நிலத்துக்குக் கீழே என்ன ஓடுகிறது என்று கிணறு வெட்டாமல் பார்க்கக் கிடைத்த இடம் அது. மாதம் ஒருமுறை அந்தத் தண்ணீரை எடுத்துச் சோதியுங்கள். நைத்திரேற்று எவ்வளவு, எந்த மருந்தின் எச்சம் எவ்வளவு என்று கேணி வாசலில் ஒரு பலகையில் எழுதுங்கள். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் விதித்த நைத்திரேற்று எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம், அதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். குளிக்கிற தண்ணிதானே என்று சொல்ல வேண்டாம், அதே நீரைத்தான் ஊர்க் கிணறுகளில் அள்ளிக் குடிக்கிறோம்.

காசு இல்லை என்பார்கள். கோயில் ரியூப்லைற்றில்கூட உபயகாரர் பெயர் எழுதும் ஊர் இது, ஒரு பலகைக்கா உபயம் கிடைக்காது? வருஷா வருஷம் நாட்காட்டி அடித்துக் கொடுக்கும் மருந்துக்கடைகளிடமே முதலில் கேட்டுப் பாருங்கள்.