யார் போட்ட புண்?

பக்கவாதம் வந்து படுத்துவிட்டால் புண் வரத்தான் செய்யுமாம். எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள் டாக்டர்! அப்பாவின் வலது கையும் காலும் விழுந்தது பக்கவாதத்தால். சரி. வால் எலும்புக்கு மேலே தோல் கறுத்து, அழுகி, உள்ளே எலும்பு தெரிந்ததே, அதுவும் பக்கவாதம்தானா?

அவரால் புரளக்கூட முடியாது. அழுத்துவது தெரிய உணர்ச்சி இல்லை. தெரிந்தாலும் சொல்ல வாய் இல்லை, பேச்சே போய்விட்டது. சிறுநீரும் மலமும் போவது தெரியாமல் ஈர டயபரில் ஊறிக் கிடந்தார். மூக்குக் குழாயில் கஞ்சித் தண்ணி, உடம்பு வற்றிக்கொண்டே வந்தது. போதாததற்குச் சர்க்கரை. இத்தனையும் ஒரே மனுஷனிடம்! இன்னும் என்ன அறிகுறி வேண்டும் உங்களுக்கு?

யாருக்குப் புண் வரும் என்று முன்கூட்டியே மதிப்பெண் போட்டுப் பார்க்கும் பிரேடன் அளவுகோல் 1987-லேயே வந்துவிட்டது. உணர்ச்சி, ஈரம், நடமாட்டம், அசைவு, சாப்பாடு, உராய்வு. ஆறே விஷயம். சேர்த்த அன்றைக்கே ரத்தம் எடுத்தீர்கள், ஸ்கேன் எடுத்தீர்கள், அட்வான்ஸ் வாங்கினீர்கள். இந்த ஆறையும் யார் பார்த்தது?

முதலில் தோல் சிவக்கும், விரலால் அழுத்தினாலும் வெளுக்காது. அப்போதே கவனித்தால் காப்பாற்றிவிடலாம். எங்கள் கறுத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. சூடா இருக்கா, கெட்டியா இருக்கா என்று தொட்டுத்தான் பார்க்கணும். தொட்டது யார்? பெட்ஷீட் மாற்றும்போது தூக்காமல் தரதரவென்று இழுத்தார்களே, அந்த இழுப்பில் தோலுக்கு அடியில் சதை கிழியும் என்று அவர்களுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தீர்களா? ஏர் பெட் வாங்கிவரச் சொன்னீர்கள். எப்போது? நாற்றம் வந்த பிறகு!

ராத்திரி டூட்டி சிஸ்டரை நான் திட்டமாட்டேன். வார்டு முழுக்க அந்தப் பெண் ஒருத்திதான். ரெண்டு மணிக்கொரு தரம் அத்தனை பேரையும் திருப்பிப் படுக்கவைக்க அவளுக்கு எத்தனை கை இருக்கு? ஆள் போடாமல் மிச்சம் பிடித்தவர்களைத்தான் கேட்கிறேன். அந்தக் காசு என் அப்பாவின் முதுகிலிருந்து எடுத்தது இல்லையா?

புண் வழியே ஏறிய கிருமி ரத்தத்தில் கலந்து அவர் போனார். நீங்கள் கொடுத்த கடைசி அறிக்கையில் பக்கவாதம் இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, வயதுகூட இருக்கிறது. புண்ணைப் பற்றி ஓர் எழுத்து இல்லை. பில்லில் மட்டும் டிரெஸ்ஸிங்குக்குத் தனியாகப் பணம் போட்டிருக்கிறீர்கள். இல்லாத புண்ணுக்கா கட்டுப் போட்டீர்கள்?