லோடர் வெச்ச மினி டிராக்டர்: இஎம்ஐ பார்க்கிறதுக்கு முன்னாடி மணிக்கணக்கைப் பாருங்க



சம்பளம் கொஞ்சம் உயர்ந்ததும், ஊர்ல நிலம் இருக்கிற நம்மில் பல பேருக்கு ஒரு ஆசை வரும். அப்பாவுக்கு ஒரு டிராக்டர் வாங்கிக் கொடுக்கணும். அதுவும் முன்னாடி லோடர் பக்கெட் வெச்ச குட்டி டிராக்டர். சாணி அள்ளும், மண் தள்ளும், தென்னை மட்டையைக் குவிக்கும். 2025 செப்டம்பர் 22-ல இருந்து டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமா குறைஞ்ச பிறகு, "இப்ப வாங்கலாமா சார்?"னு கேக்குறவங்களும் அதிகமாயிட்டாங்க.

எனக்கும் அந்த ஆசை இருந்துச்சு. பொள்ளாச்சி பக்கம் நாலு ஏக்கர் தென்னை, ஆறு மாடு. கொட்டேஷன் வரைக்கும் வாங்கிட்டேன். அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வாங்கிக் குடுத்துப்போட்டு நீ ஆபீஸ் போயிருவே. வருசத்துல எத்தனை மணி நேரம் இதுக்கு வேலை இருக்குது?"

ஆடிட்டரான நான் முதல்ல கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. என் கருத்தும் அதுதான். வருஷத்துக்கு 200 மணி நேர வேலையைக் காட்ட முடியலைன்னா, லோடர் டிராக்டரை வாங்காதீங்க. வாடகைக்கு எடுங்க.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

இது நான் வெச்சிருக்கிற உதாரண எண். உங்க கொட்டேஷனை வெச்சு மாத்திக்கோங்க. 27 எச்பி ஃபோர் வீல் டிரைவ் டிராக்டர், லோடர், பின்பக்க எடை எல்லாம் சேர்த்து 9 லட்சம். கையில இருந்து 2 லட்சம், மீதி 7 லட்சம் லோன். 11 சதவீத வட்டி, 5 வருஷம். இஎம்ஐ சுமார் 15,220 ரூபாய். வட்டி மட்டும் 2.13 லட்சம்.

5 வருஷம் கழிச்சு 4.5 லட்சத்துக்கு வித்தா, மதிப்பு குறைஞ்சது 4.5 லட்சம். வட்டியையும் சேர்த்து வருஷத்துக்கு 1.33 லட்சம். இன்ஷூரன்ஸ், சர்வீஸுக்கு 25,000. ஆக, ஷெட்ல சும்மா நின்னாலும் வருஷத்துக்கு 1.58 லட்சம் போகுது. ஓட்டினா டீசல், டிரைவர் கூலின்னு மணிக்கு 430 ரூபாய் தனி.

100 மணி நேரம் ஓட்டினா, ஒரு மணிக்கு ஆகிற செலவு 2,010 ரூபாய். 200 மணின்னா 1,220. 400 மணின்னா 825. டிரைவரோட வர்ற ஜேசிபிக்கு மணி வாடகை 1,200 ரூபாய்னு வெச்சா, 200 மணிக்கு மேல போனாதான் சொந்த வண்டி கட்டுப்படி ஆகும். ஜேசிபி ஒரு மணியில அள்ளுற மண்ணை, குட்டி லோடர் பல மணி நேரம் அள்ளணும்கிறதையும் மறக்காதீங்க.

ஆனா ஜேசிபி நுழைய முடியாத இடம் இருக்கு. மாட்டுக் கொட்டகை, சொட்டுநீர்ப் பைப் ஓடுற வரிசை. தினமும் அங்கே வேலை இருக்கிறவங்களுக்கு சின்ன லோடர் உண்மையாவே பிரயோஜனம்.

வாங்கினா எதைப் பார்க்கணும்?

ஷோரூம்ல எச்பி பத்திப் பேசுவாங்க. லோடர் வேலைக்கு அதைவிட முக்கியமானது நாலு விஷயம். முன் ஆக்ஸில் எவ்வளவு எடை தாங்கும்? ஹைட்ராலிக் பம்ப் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளும்? பவர் ஸ்டீயரிங் இருக்கா? முன்னும் பின்னும் மாத்தி மாத்தி ஓட்ட வசதியா ஷட்டில் கியர் இருக்கா? பக்கெட் எவ்வளவு தூக்கும்னு கேட்டா, முழு உயரத்துல எவ்வளவுன்னு சேர்த்துக் கேளுங்க. தரையை ஒட்டித் தூக்குற எடையைச் சொல்லி விப்பாங்க.

இன்னொரு சிக்கல், மினி டிராக்டரோட அகலம். வரிசைக்கு நடுவுல போறதுக்காகத்தான் அது குறுகலா இருக்கு. லோடருக்கு அகலமா கால் ஊன்றி நிக்கிற வண்டி வேணும். ரெண்டும் ஒரே வண்டியில முழுசா கிடைக்காது. வெளிப் பட்டறையில லோடர் மாட்டுறதா இருந்தா, அதனால வாரண்டி போகுமான்னு டிராக்டர் கம்பெனிகிட்ட எழுத்துல வாங்குங்க.

ஓட்டுறது யாரு?

என்னை நிறுத்தினது இந்தக் கேள்விதான். அப்பாவுக்கு 64 வயசு. தோட்டத்துல தனியாத்தான் இருப்பார்.

பக்கெட்ல பாரம் ஏறினா, முன்சக்கரத்துல எடை கூடும், பின்பக்கம் லேசாகும். பெரும்பாலான டிராக்டர்ல பிரேக் பின்சக்கரத்துலதான் இருக்கு. பின்சக்கரம் தரையை விட்டு லேசானா பிரேக்கும் பிடிக்காது. அதனால பின்னாடி எடை இல்லாம லோடரை ஓட்டவே கூடாது. எடைப்பெட்டியோ ரோட்டவேட்டரோ மாட்டியே ஆகணும். இடது வலது பிரேக் பெடலை ஒண்ணா லாக் பண்ணணும்.

பாரத்தோட நகரும்போது பக்கெட் தரையிலிருந்து ஒரு அடிக்கு மேல வேண்டாம். மேல தூக்கிக்கிட்டு வளைச்சா வண்டி பக்கவாட்டுல சாயும். சரிவுல குறுக்கே போகாதீங்க. பாரத்தோட இறங்கும்போது பக்கெட் மேட்டுப் பக்கம் இருக்கணும், அதாவது ரிவர்ஸ்ல இறங்கணும். பக்கெட்ல ஆளை ஏத்தி தேங்காய் பறிக்கிறது, தூக்கின பக்கெட்டுக்குக் கீழே நிக்கிறது ரெண்டும் உயிரோட விளையாடுறது. இறங்கும்போது பக்கெட்டைத் தரையில வெச்சு, இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு இறங்கணும். கவிழ்ந்தா காப்பாத்துற ரோல் பார் இருக்கிற மாடலாப் பாருங்க. அது இருந்தா சீட் பெல்ட் கட்டாயம்.

"வாடகைக்கு விட்டு இஎம்ஐ கட்டிடலாமே?"

கட்டலாம். ஆனா அது விவசாய வருமானம் இல்லை, பிசினஸ் வருமானம். வரி உண்டு. ஐடிஆர்-1 போட முடியாது. 3 அல்லது 4 போடணும். முக்கியமா, அந்த பிசினஸ்ல நஷ்டம் வந்தா அதை உங்க சம்பளத்துல கழிக்க முடியாது. "நஷ்டம் காட்டி டிடிஎஸ் ரீஃபண்ட் வாங்கலாம்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சொந்த நிலத்துல மட்டும் ஓட்டினா, அந்தச் செலவு வரியே இல்லாத விவசாய வருமானத்துல போயிடும். அதை உங்க சம்பளத்துல கழிக்க முடியாது. வாடகைக்கு விடுறதுக்கு முன்னாடி, இன்ஷூரன்ஸ் பாலிசியில என்ன பயன்பாடுன்னு போட்டிருக்குன்னும் பாருங்க.

நாங்க என்ன பண்ணினோம்?

கொட்டகைத் தூண்ல ஒரு நோட்டைத் தொங்க விட்டோம். லோடர் இருந்தா செஞ்சிருப்போம்னு தோணின ஒவ்வொரு வேலையையும், எவ்வளவு நேரம் ஆகும்னு அப்பா எழுதினார். ஒரு வருஷத்துக்கு வந்தது 96 மணி. வாங்கலை. தேவைப்படும்போது ஆள் வெச்சோம், ஜேசிபி எடுத்தோம். வேளாண் பொறியியல் துறையோட இ-வாடகை சேவையும் இருக்கு, அதையும் பாருங்க.

இப்போ பக்கத்துத் தோட்டத்துச் சித்தப்பாவும் ஒரு நோட்டு போட்டிருக்கார். ரெண்டு நோட்டும் சேர்ந்து 200-ஐத் தொட்டா, பங்கு போட்டு வாங்கலாம்னு பேச்சு. அப்பவும் யார் ஓட்டுறதுங்கிறது முடிவான பிறகுதான் கொட்டேஷன்.

டிராக்டர் வாங்கணும்னு நினைச்சா, இந்த வாரம் ஊருக்குப் போறப்ப டவுன் பேமென்ட் எடுத்துட்டுப் போகாதீங்க. 40 ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்கிட்டுப் போங்க.