நாலும் தெரிஞ்சுக்கலாம்: எழுபத்தோரு ஓட்டு

"குழந்தைக்கு ஜுரம்", "வெயில் கொளுத்தறது", "என் ஒரு ஓட்டு விழாட்டி என்ன, குடியா முழுகிடும்?" தேர்தல் நாளில் எங்கள் அஸ்தினாபுரத்துத் தெருக்களில் கேட்கிற சமாதானங்கள் இவை. உங்கள் ஊரிலும் இதே கதைதானே, சகோதரிகளே? அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதிலாக, ஒரு தீவுக்காரரைப் பற்றிச் சொல்கிறேன்.

கேரளக் கரைக்கு மேற்கே அரபிக்கடலில் இருக்கிறது லட்சத்தீவு. பேர்தான் லட்சம், இருப்பது 36 தீவுகள், அதிலும் ஜனங்கள் குடியிருப்பது 10 தீவுகளில்தான். 1956 வரை இது நம்ம சென்னை ராஜ்யத்தோடு இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் யூனியன் பிரதேசமாகிவிட்டது. அங்கே சட்டசபை இல்லை, முதல் மந்திரி இல்லை. டில்லிக்குப் போகிற ஒரே ஒரு எம்.பி.தான். 1967-க்கு முன்னால் அவரையும் ஜனாதிபதியே நியமித்து வந்தார்.

அரிசி, பருப்பு, மருந்து எல்லாம் கப்பலில் வரணும். பிரசவத்தில் பெரிய சிக்கல் என்றால் தாயை ஹெலிகாப்டரில் கொச்சிக்குக் கொண்டு போகணும். இந்தக் கஷ்டங்களை லோக்சபாவில் எடுத்துச் சொல்ல அவர்களுக்கு ஒரே வாய்!

1967-ல் நடந்த முதல் தேர்தலில் ஜெயித்தவர் பி.எம். சயீத். 1941-ல் ஆந்த்ரோத் தீவில் பிறந்து, சட்டம் படித்த இளைஞர். அதிலிருந்து 1999 வரை வரிசையாகப் பத்துத் தேர்தல்களில் ஜெயித்தார். மத்திய இணை அமைச்சராக இருந்தார். 1998-லிருந்து 2004 வரை லோக்சபாவின் துணை சபாநாயகர். அத்தனூண்டு தீவிலிருந்து போனவர், அத்தனை பெரிய சபையையே நடத்தினார் என்றால் பாருங்களேன்!

அமெரிக்காவின் குவாம் தீவுக்காரர்களும் தங்கள் பிரதிநிதியை அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு அனுப்புகிறார்கள். அவர் பேசலாம், மசோதா கொண்டு வரலாம். ஆனால் சபையின் இறுதி ஓட்டெடுப்பில் அவருக்கு ஓட்டு கிடையாது. நம்ம லட்சத்தீவு எம்.பி.க்கோ மற்ற எம்.பி.க்களுக்குச் சமமான முழு ஓட்டு உண்டு.

2004 தேர்தலில் சயீத் தோற்றார். எத்தனை ஓட்டில் தெரியுமா? வெறும் 71! அது நல்லதா, கெட்டதா என்பது அந்தத் தீவு ஜனங்களின் விஷயம். ஆனால் 37 வருஷத்துக் கணக்கைத் திருப்பிப் போட, ஒரு தெருவில் இருக்கிற ஜனங்களே போதும் என்று ஆகிவிட்டது பாருங்கள். பிறகு அவர் மத்திய மின்துறை அமைச்சரானார். 2005 டிசம்பரில் காலமானார். அதே தொகுதியில் அவர் மகன் 2009-ல் ஜெயித்து, 2014-ல் தோற்று, 2024-ல் மறுபடி ஜெயித்தார்.

"அங்கே ஐம்பத்தெட்டாயிரம் வாக்காளர்கூட இல்லை, நம்ம ஸ்ரீபெரும்புதூர் தொகுதியில் 2024-ல் இருபது லட்சத்துக்கும் மேலே இருந்தாங்களே!" என்பீர்கள். சரி, தாம்பரம் மாநகராட்சியின் 70 வார்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வார்டும் லட்சத்தீவை விடச் சின்னத் தொகுதி. தண்ணீர், குப்பை, சாக்கடை, தெருவிளக்கு என்று நம் வீட்டு வாசல் பிரச்னைகளைக் கேட்க வேண்டியவர் அந்தக் கவுன்சிலர்தான். அங்கே 71 ஓட்டு லேசுப்பட்ட சமாசாரமா?

கல்யாணமாகி வேறு ஊர் வந்தவர்கள், வீடு மாறியவர்கள் படிவம் 8 கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு வாக்குச்சாவடி வரிசையில் முன்னுரிமை உண்டு, கூசாமல் கேளுங்கள். முதல் நாளே இட்லிக்கு அரைத்து வைத்துவிட்டால், மறுநாள் காலை பத்து மணிக்குள் விரலில் மையோடு வீடு திரும்பிவிடலாம்!