பள்ளி மைதானத்தையும் திறந்திருக்க வேண்டும்

2021 செப்டம்பர் 1 முதல் 9ஆம் வகுப்பிலிருந்து பிளஸ் 2 வரை பாடம் நடந்தது. கரோனாவைக் காட்டி மைதானத்தை மட்டும் மூடி வைத்தது சரியல்ல.

ஊர்ப் பிள்ளைகளுக்குக் கோயில் திடல் உண்டு. காலனிப் பையன் அங்கே பந்தை உருட்டினால் பஞ்சாயத்து வரை போய்விடும். அவனுக்கு இருப்பது அரசுப் பள்ளி மைதானம் ஒன்றுதான். பெண் பிள்ளைகளுக்கோ அதை விட்டால் தெருகூட இல்லை.

கல்லூரிச் சேர்க்கையிலும் அரசு வேலையிலும் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் அது கிடைக்காது. போட்டி நடக்காமல் சான்றிதழ் ஏது? பிளஸ் 2 மாணவருக்கு அந்த ஆண்டு போனால் போனதுதான்.

நோய் பயம் பொய்யல்ல. கட்டிப்பிடித்து ஆடும் கபடி பொறுத்திருக்கலாம் (கபடி ஆடியவன் நான், மனசில்லாமல்தான் சொல்கிறேன்). ஓட்டத்துக்கும் நீளம் தாண்டுதலுக்கும் என்ன தடை இருந்தது? திறந்தவெளியில் தள்ளித் தள்ளி நின்று பழகியிருக்கலாம். பிள்ளைகள் நெருக்கியடித்து வரும் டவுன் பஸ்ஸைவிடவா அது ஆபத்து?