தழும்பில்லாத சாட்சிகள்

இயேசு உயிரோடிருக்கிறார் என்பதற்கு நம் கூட்டங்களில் இன்று சொல்லப்படும் சாட்சிகளைக் கவனியுங்கள். வேலை கிடைத்தது, விசா வந்தது, ஸ்கேனில் தெரிந்த கட்டி அடுத்த ஸ்கேனில் இல்லை. நான் ஐடி ஆள். அப்ரைசல் மாதத்தில் எங்கள் ஜெபக்குழு வாட்ஸ்அப்பைப் பார்த்தால் கர்த்தருக்கு எச்.ஆர். தவிர வேறு வேலையே இல்லையோ என்று தோன்றும். நன்றி சொல்வது தப்பில்லை, சொல்லட்டும். ஆனால் இதுக்குப் பேர்தான் நற்செய்தி அறிவிப்பு என்று சொல்றாங்க பாருங்க, அங்கேதான் எனக்குச் சண்டை.

சுவிசேஷங்களைத் திறந்து பார்த்தால் கதை வேறு. மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்று நினைக்கிறாள். எம்மாவு வழியில் இரண்டு பேர் கூடவே நடந்தும் அப்பம் பிட்கும்வரை ஆளைத் தெரியவில்லை. தோமாவுக்குத் தழும்பு வேண்டியிருந்தது. உயிர்த்த பிறகும் அந்தக் காயங்கள் மறையவில்லை என்பதுதான் விஷயமே. காயமில்லாத கிறிஸ்துவை யோவான் அறியவே மாட்டார்.

இன்னொன்று. செய்தியை முதலில் கொண்டுவந்தது பெண்கள். அப்போஸ்தலர்கள் அதை வீண்பேச்சு என்று தள்ளினார்கள் என லூக்காவே ஒளிக்காமல் எழுதுகிறார். 1 கொரிந்தியர் 15-இல் பவுல் கொடுக்கும் சாட்சிப் பட்டியலில் கேபா உண்டு, யாக்கோபு உண்டு, ஐந்நூறு சகோதரர் உண்டு. மரியாள் பெயர் இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் கெல்சஸ் கிறிஸ்தவத்தைக் கேலி செய்ததும் இதை வைத்துத்தான்: ஒரு பொம்பளை பேச்சை நம்பியா ஒரு மதம்?

இப்போது அரூருக்கு வருவோம். சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். அடித்தார்கள், சூறையாடினார்கள், 18 பெண்களை வன்புணர்ந்தார்கள். அன்றிரவு பெண்களை அடைத்து வைத்தது அரூர் வனத்துறை அலுவலகத்தில். அது சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு, ஊரில் ஆராதனை நடந்திருக்கும்.

அந்தப் பெண்கள் சொன்னதையும் அரசு வீண்பேச்சு என்றுதான் தள்ளியது. செய்தியை வெளியே சுமந்து போனவர்கள் மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்களும். நல்லசிவன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1995-இல்தான் சிபிஐ விசாரணைக்கு உத்தரவு. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதில் 54 பேர் ஏற்கெனவே செத்துப்போயிருந்தார்கள். 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு வருஷம், ஒரே சாட்சி, வார்த்தை மாறாமல்!

சுவிசேஷம் சொல்வது நம் வேலை என்கிறோம். தொண்டை கிழியச் சொல்லவும் செய்கிறோம், பஸ் ஸ்டாண்டில் துண்டுப்பிரசுரம் கொடுக்கிறோம். நம் மைக்கில் வாச்சாத்தி என்ற பெயரை எத்தனை முறை கேட்டிருக்கிறீர்கள்? 'அது அரசியல் பிரதர், சபைக்கு எதுக்கு' என்பார்கள். அப்போ பிலாத்து யார், பஞ்சாயத்து கிளார்க்கா? சிலுவையில் அறைந்தது ரோம அரசாங்கம். கல்லறைக்குக் காவல் வைத்து முத்திரை போட்டதும் பிலாத்துவின் அனுமதியோடுதான்.

இன்னொரு ஆட்சேபம் உண்டு, அது கொஞ்சம் நியாயமானது: அந்த மக்கள் கிறிஸ்தவர்களே இல்லையே, அவர்கள் காயத்தில் எதற்கு உன் ஏசுவை ஒட்டுகிறாய்? ஒட்டவில்லை. வாச்சாத்திக்குப் போய் மதம் மாற்றச் சொல்லவும் இல்லை. அந்தப் பெண்களுக்கு நம்மிடமிருந்து எந்தச் செய்தியும் தேவைப்படவில்லை. மத்தேயு 25-இல் நியாயம் தீர்க்கப்படுகிறவர்கள் 'உம்மை எப்போது கண்டோம்' என்று கேட்கிறார்களே, அது சிறையில் இருந்தவர்களை நோக்கிய கேள்வி இல்லை. வெளியே இருந்தவர்கள் கேட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை அரூரில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்களும் வெளியேதான் இருந்தார்கள், அலுவலகம் அதே ஊரில்.