காலை ஏழு முதல் மாலை ஆறு வரை



2025ஆம் ஆண்டு குளிர்காலத்தில் எனது தாயார் குளியலறையில் வழுக்கி வீழ்ந்தார். வயது எண்பத்து நான்கு. "நீ வெளிக்கிடு பிள்ளை, நான் பாத்துக் குளிக்கிறன்" என்றார். நான் டூங்கபி ரயில் நிலையத்துக்கு ஓடினேன். வழுக்கியபோது துவாய் தொங்கவிடும் கம்பியைப் பற்றியிருக்கிறார். அது சுவரிலிருந்து பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. பேரன் பாடசாலை முடிந்து வரும்வரை, ஏறத்தாழ ஏழு மணிநேரம், ஈரத்தரையிற் கிடந்தார்.

எலும்பு முறியவில்லை. ஆயினும் ஒரு முதியவர் எழ இயலாது ஒரு மணிநேரத்துக்கு மேல் தரையிற் கிடந்தாலே உடல் வெப்பம் குன்றலாம், நீரிழப்பும் தசைச் சிதைவும் ஏற்படலாம், சிறுநீரகமும் பழுதுறலாம். வைத்தியர் இதனை விளக்கியபோது நான் தலைகுனிந்து நின்றேன்.

ஊரில் எத்தனையோ வகுப்புகளுக்கு நேரசூசி வகுத்தவருக்குத் தன் தாயின் நாளுக்கு ஒன்று வகுக்கத் தோன்றவில்லை. ஆபத்து நாள் முழுவதும் இருப்பதில்லை. குளிப்பு, அடுப்பு, படுக்கையை விட்டெழும் வேளை ஆகியவற்றிலேயே அது பெரிதும் ஒளிந்திருக்கிறது. எனவே குளிப்பை மாலை ஆறரைக்கு மாற்றினோம். மாலையிற் குளித்தால் தடிமன் பிடிக்கும் என்று வாதிட்டார். வெந்நீர் தாராளமாக வரும் நாட்டில் அவ்வாதம் நீடிக்கவில்லை. காலை பத்தரைக்கு எனது தேநீர் இடைவேளையில் ஓர் அழைப்பு; ஒரு மணிக்கு அயல்வீட்டு ஐயா ஓர் அழைப்பு. பதிலில்லையேல் அவரிடமுள்ள திறப்பினால் கதவைத் திறந்து பார்ப்பார். எல்லாம் சேர்ந்து எனக்குக் கால் மணிநேரம் கூடச் செலவாவதில்லை. குளியலறைக் கதவை உட்பூட்டுப் போடுவதையும் நிறுத்தினோம்.

கைப்பிடி பற்றி ஒரு சொல். எமது ஊர்ச் சீமெந்துச் சுவரில் எங்கு ஆணி அடித்தாலும் தாங்கும். இங்குள்ள பெரும்பாலான வீடுகளின் உட்சுவர் மெல்லிய பலகையே. பின்னாலுள்ள மரச்சட்டத்திற் பதிந்தாலன்றி அது மனிதப் பாரத்தைத் தாங்காது. துவாய்க்கம்பி துவாய்க்கு மட்டுமே. கைப்பிடியை அனுபவமுள்ளவரைக் கொண்டு பூட்டுவியுங்கள்.

அரச உதவியையும் வீழ்ந்த பின்னரே நாடினேன். முன்னரே நாடியிருக்க வேண்டும். 2025 நவம்பர் 1ஆம் திகதி முதல் 'சப்போர்ட் அற் ஹோம்' எனும் திட்டம் எட்டுப் படிநிலைகளில் நடைமுறையில் உள்ளது. தாதியர் பராமரிப்பு போன்ற மருத்துவச் சேவைகளுக்குப் பயனாளி பணம் செலுத்த வேண்டியதில்லை. துப்புரவு போன்றவற்றுக்கு வருமானம், சொத்து என்பவற்றுக்கேற்ப ஒரு பங்கு உண்டு. அறுபத்தைந்து வயதானோர் 'மை ஏஜ்ட் கெயார்' நிலையத்தின் 1800 200 422 எனும் இலக்கத்தை அழைத்து மதிப்பீடு கோரலாம். ஆங்கிலம் தடையாயின் 131 450ஐ அழைத்துத் தமிழ் உரைபெயர்ப்பாளர் மூலம் அவ்விலக்கத்துக்கு இணைக்கும்படி கேளுங்கள். அங்கீகாரம் கிடைத்த பின்னரும் மாதக்கணக்கிற் காத்திருக்க நேர்கிறது.

மதிப்பீட்டாளர் வந்த நாளில் அம்மா நல்ல சேலை உடுத்து, தானே தேநீர் ஊற்றிக் கொடுத்து, "எனக்கு ஒரு குறையுமில்லை" என்றார். அதனை அப்படியே மொழிபெயர்த்தேன். பிள்ளை பார்ப்பதில்லை என்று எண்ணிவிடுவாரோ என்ற வெட்கம் எனக்கு. அம்மாவுக்கோ வேறு காரணம். தாளும் பேனாவுமாக வீட்டுக்கு வரும் அதிகாரியிடம் குறைவாகவே பேசவேண்டும் என்பது எமது மண்ணில் உயிர்காத்த பழக்கமல்லவா? விளைவு, மிகத் தாழ்ந்த படிநிலை.

மறுமதிப்பீடு கோரினோம். இம்முறை உரைபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்து, நான் பின்வளவுக்குச் சென்றுவிட்டேன். இரவில் மலசலகூடத்துக்குச் சுவரைப் பிடித்தே நடப்பதாகவும், அதற்கு அஞ்சி மாலைக்குப் பின் தண்ணீரே குடிப்பதில்லை என்றும் அம்மா கூறினாராம். ஒரே கூரையின் கீழ் வாழும் நான் அதனை மதிப்பீட்டாளர் வாயிலாகவே அறிந்தேன். அன்றிரவே நடைவழியில் ஒரு சிறு விளக்குப் போட்டோம்.

அபாயத்தின்போது அழுத்தும் பொத்தானைக் கழுத்தில் அணிய அவர் மறுக்கிறார். தாலிக்கொடி கழற்றிய கழுத்தில் இனி எதுவும் வேண்டாமாம். கையிற் கட்டும் வகையும் உண்டு. அதற்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.